பிறருக்காகச் சொன்ன ‘நான்’

விசாரணை அறையின் மேசை நடுவே ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அரைச் செங்கல் அளவு, கறுப்பு நிறம், ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள், நான்கு ஒலிவாங்கிகள், மூன்று தண்ணீர்க் கோப்பைகள், ஒரு டிஷ்யூப் பெட்டி. எந்த அறைக்குள் போனாலும் முதலில் எண்ணிவிடுவது என் வழக்கம். எண்ணி முடித்தால்தான் எனக்கு இருப்புக்கொள்ளும். அன்று என் பக்கத்துக் கதிரையில் இருந்தவரை இங்கே மன்னார்க்காரர் என்று மட்டும் சொல்கிறேன். மெல்பேர்னில் அவரை அறிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மன்னார்க் கரையில் மீன்பிடித்தவர், கத்தோலிக்கர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் படகில் வந்து அடைக்கலம் கேட்டவர். இங்கே கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மீளாய்வு விசாரணைக்கு வந்திருந்தார். அவருடைய தமிழை ஆங்கிலத்தில் சொல்வதற்கு அமர்த்தப்பட்டவன் நான். அந்த அறையில் அவருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். பதினொரு வசனங்களில் செய்தேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. எழுதப் புறப்பட்ட நாவல் ஒன்றை யார் வாயால் சொல்வது என்று தெரியாமல் நான்கு வருடம் நின்றதைப் பற்றியதும்தான். இரண்டும் ஒரே விஷயம் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அவரிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகே எழுதுகிறேன்.

ஊரில் நான் கணித ஆசிரியன். இங்கு வந்தபின் இருபத்திரண்டு வருடம் உரைபெயர்ப்பாளராக வேலை செய்தேன். என் நாட்குறிப்புகளின்படி ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டுத் தடவை பிறருக்காகப் பேசியிருக்கிறேன். அந்தத் தொழிலின் முதல் விதி, வந்தவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும் என்பது. “தனக்குப் பசிக்கிறது என்கிறார்” என்று சொல்லக்கூடாது. “எனக்குப் பசிக்கிறது” என்று சொல்லவேண்டும். காலையில் மகப்பேற்று விடுதியில் “எனக்கு நோ கூடிவிட்டது” என்பேன். மதியம் நீதிமன்றத்தில் “நான் குடித்திருக்கவில்லை” என்பேன். பின்னேரம் பாடசாலையில் “என் மகன் அப்படிச் செய்யமாட்டான்” என்பேன். எனக்கு மகன் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. நம்மைப் பற்றி நாமே ஏதும் சொல்ல நேர்ந்தால், “உரைபெயர்ப்பாளருக்குக் கேள்வி விளங்கவில்லை” என்று யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லவேண்டும். அறையில் உள்ள ‘நான்’ வந்தவருக்குச் சொந்தமானது. பலர் இதைப் பழகக் கஷ்டப்பட்டார்கள். எனக்கு இரண்டு கிழமையில் பிடிபட்டுவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஓய்வுபெற்று, மெல்பேர்ன் புறநகரான டார்னெய்டில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும், படகில் வந்த மீனவர் ஒருவரைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினேன். மன்னாரைக் கிழக்குக் கரையாக மாற்றினேன், அவர் கதையில் வந்த தம்பியைத் தங்கையாக மாற்றினேன். அப்படி மாற்றிவிட்டால் தொழிலின் இரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைத்தேன். ‘நான்’ என்று மீனவரே சொல்வதாகப் பதினான்கு பக்கம் எழுதினேன். அது எனக்கு ஆகவும் சுலபமாக வந்தது. அந்தச் சுலபமே எனக்குப் பயத்தைத் தந்தது. கிழித்துவிட்டு ‘அவர்’ என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். அந்த ‘அவர்’ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடமாடும் ஆள்போல இருந்தார். அவர் வாய் அசைந்தது, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. பிறகு படகில் வந்த எல்லோரும் சேர்ந்து சொல்வதாக ஒன்பது பக்கம். அதில் யாருக்குப் பசித்தது, யாருக்கு வாந்தி வந்தது என்று எனக்கே குழம்பிவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நூலகத்தின் சிறிய அறையில் எழுதுகிறவர்கள் கூடுவோம். எட்டுப்பேர் வருவோம், அதில் இருவர் தேநீரோடு கிடைக்கும் ரோல்ஸுக்காக வருகிறவர்கள். அங்கே ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார், எனக்கு நாற்பது வருடப் பழக்கம். என் ‘அவர்’ பக்கங்களைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மாஸ்டர், உது பொலிஸ் ரிப்போட் மாதிரிக் கிடக்கு. ‘நான்’ எண்டு எழுதும். அப்பதான் வாசிக்கிறவன் அழுவான்.”

“நான் அனுபவிக்காததை எப்படி ‘நான்’ எண்டு எழுதுறது?”

“நீர் பிள்ளைத்தாச்சியா இருந்து ‘நோகுது’ எண்டு சொன்ன ஆள்தானே. இப்ப என்ன திடீர் வெட்கம்?”

மற்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவ குசினியில் கருவாடு கழுவிக்கொண்டே, “இருபத்திரண்டு வருசம் ஊராற்றை வாயாலை கதைச்சுப்போட்டு, இப்ப உங்கட வாய் எங்கை எண்டு தேடுறியள்” என்றா. அவவுக்கும் விசாரணை அறையில் நடந்தது தெரியாது. தொழில் விஷயம் ஒன்றையும் நான் வீட்டில் பேசுவதில்லை.

நடந்தது இதுதான். மன்னார்க்காரர் சின்னச் சின்ன வசனமாகப் பேசுகிறவர். சொல்லிவிட்டு நிறுத்தி, நான் முடிக்கும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உரைபெயர்ப்பாளருக்கு அப்படி ஒருவர் கிடைப்பது வரம். இரண்டு மணித்தியாலம் ஒரு பிசகும் இல்லை. அன்று அவருக்குச் சட்டத்தரணி யாரும் கூட வரவில்லை. பிறகு விசாரணை செய்த அதிகாரி, போரின் கடைசி மாதங்களில் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கடல்நீரேரியை நடந்து கடந்ததை மன்னார்க்காரர் சொன்னார்.

“கழுத்தளவு தண்ணி. ஒரு கையிலை அம்மா. மற்றக் கையிலை தம்பி. அம்மா தாழத் தொடங்கிட்டா. நான் தம்பியின்ர கையை விட்டனான்.”

‘நான் என் தம்பியின் கையை விட்டேன்’ என்று நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவனையும் கூட்டிப்போகும்படி அம்மா கேட்டா. அடுத்தமுறை பார்ப்போம் என்றேன். அவனுக்கு அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. இதைப்பற்றி அதுவரை நான் யாரிடமும் எந்த மொழியிலும் ஒரு வசனம் சொன்னதில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வாயிலிருந்து வந்த ஆங்கிலம், “தன் தம்பியின் கையை விட்டதாக இவர் சொல்கிறார்” என்பது. அடுத்த வசனமும் அப்படியே வந்தது. தம்பி கத்தினதாக இவர் சொல்கிறார். திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்கிறார். கரைக்கு வந்தபோது அம்மாவும் உயிரோடு இல்லை என்று சொல்கிறார். பதினொரு வசனம். பன்னிரண்டாவதில் என் நிலைக்கு வந்து மறுபடி ‘நான்’ என்றேன். அதிகாரி ஒருதடவை தலையை நிமிர்த்தி மன்னார்க்காரரின் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். மன்னார்க்காரரின் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. என்னை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிழைவிட்டால் கையை உயர்த்தி “உரைபெயர்ப்பாளர் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறார்” என்று சொல்லவேண்டும். அதுவும் விதிதான். திகதியைப் பிழையாகச் சொன்னதற்கும், மச்சானைத் தம்பி என்றதற்கும் நான் எத்தனையோ தடவை அப்படிக் கையை உயர்த்தியிருக்கிறேன். அன்று உயர்த்தவில்லை. உயர்த்தினால் அந்தப் பதினொரு வசனங்களையும் மறுபடி ‘நான்’ என்று சொல்லவேண்டி வரும். அதுதான் காரணம். வேறு காரணம் தேடி வருடக்கணக்காக யோசித்தேன், கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசி வேலைக்காக ஓர் அழைப்பு வந்தது. சட்ட உதவி அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு சட்டத்தரணி. தீர்ப்பு ஒன்றை அவவுடைய கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லவேண்டும். மறுமுனையில் “வணக்கம் ஐயா” என்றபோது குரலை அறிந்துகொண்டேன். எங்கள் நகரத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர்கள் அதிகமில்லை, இப்படி நடக்கும். அந்த வழக்கில் வேலைசெய்தவன் என்று சொல்லி நான் விலகியிருக்கலாம். விலகினால் ஏனென்று கேட்பார்களோ என்று பயந்தேன். சட்டத்தரணி ஆங்கிலத்தில் ஒவ்வொரு பந்தியாக வாசித்தா. மொத்தம் இருபத்தேழு பந்திகள். பத்தொன்பதாவது பந்தியில், விண்ணப்பதாரர் தம்பியின் மரணத்தை வேறு யாருக்கோ நடந்ததை அறிவிப்பதுபோலச் சொன்னார், சொந்த அனுபவத்தைச் சொல்கிறவரின் பேச்சாக அது இருக்கவில்லை, ஆகையால் அதை நம்ப இயலவில்லை என்று எழுதியிருந்தது. அதை நான் ஒரு சொல் கூடாமல் குறையாமல் தமிழில் சொன்னேன்.

பிறகு மன்னார்க்காரர் கேட்டார்.

“நான் அப்பிடியோ சொன்னனான்?”

என்னிடம்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் பேச்சில் வரும் கேள்விக்கு உரைபெயர்ப்பாளர் பதில் சொல்லக்கூடாது. அதை ஆங்கிலத்தில் சட்டத்தரணியிடம் கேட்டேன்: “நான் அப்படியா சொன்னேன்?” அவர்கள் எழுதியிருப்பது அப்படித்தான் என்றா அவ. அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். “சரி ஐயா” என்றார். அந்த அழைப்பு நாற்பத்தாறு நிமிடம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடத்தில் அவரை ஏழு இடங்களில் கண்டேன். நான்கு தடவை மளிகைக்கடையில், இரண்டு தடவை செத்தவீட்டில், ஒருதடவை கேரம் டவுன்ஸ் இந்துக் கோயில் வாகனத் தரிப்பிடத்தில்; அங்கே தன்னோடு வேலைசெய்யும் ஒருவரின் குடும்பத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரிலேயே காத்திருந்தார். வேலையில் சந்தித்தவரை வெளியில் கண்டால் அவராக வந்து பேசினாலொழிய நாம் அறிமுகம் காட்டக்கூடாது. எனக்கு மிகவும் வசதியான விதி. அவர் ஒவ்வொரு தடவையும் லேசாகத் தலையசைத்தார். நான் விலைச்சீட்டைப் பார்ப்பேன். வழக்கு மேல்நீதிமன்றத்தில் வரிசையில் கிடக்கிறது, இன்னும் தற்காலிக விசாவில்தான் குடும்பம் இருக்கிறது என்று கடையில் பேச்சு அடிபட்டது. தோற்றால் மூவரையும் திருப்பி அனுப்பலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை முற்பகல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தா.

“ஐயா, இப்ப எனக்குப் புது லோயர். அந்தப் பிள்ளை பழைய விசாரணையின்ர சிடியை எடுப்பிச்சது. வீட்டிலை போட்டுக் கேட்டனாங்கள்.”

“ஓம்,” என்றேன்.

“எனக்கு இப்ப இங்கிலிஷ் பரவாயில்லை. ஆனா மகள்தான் முதல் பிடிச்சவள். ‘அப்பா, ஹீ செய்ஸ், ஹீ செய்ஸ் எண்டு சொல்லுறார், வை?’ எண்டு கேட்டாள். அவள் எண்ணினவள். ஒன்பது தரமாம்.”

“பதினொண்டு,” என்றேன்.

என்னை அறியாமல் வந்துவிட்டது. யாராவது தவறாக எண்ணினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. மனைவி என்னைப் பார்த்தா. மன்னார்க்காரர் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு.”

“ஓம்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “இவ்வளவு காலமும் நான் நினைச்சது என்ர பிழை எண்டு. ஒரு அழுகைகூட இல்லாமக் கல்லுமாதிரிச் சொல்லிப்போட்டனோ எண்டு. மனுசியிட்டையும் கேட்டனான், நான் அப்பிடிப்பட்ட ஆளோ எண்டு. பங்குச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொன்னனான்.”

நான் செய்த கணக்குகளில் இது இருக்கவில்லை. வழக்குத் தோற்றதை எண்ணியிருந்தேன், காத்திருந்த வருடங்களை எண்ணியிருந்தேன். தம்பியை விட்டதோடு, அதை நெஞ்சில்லாமல் சொன்னவர் என்ற பழியையும் அவர் தன்மேல் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நான் சத்தியக் கூற்று ஒன்று எழுதித் தரவேண்டும். ஒலிப்பதிவு இருக்கிறது, ஆனாலும் உரைபெயர்த்தவரே சொன்னால் நீதிமன்றத்தில் பலமாக இருக்கும் என்று அவருடைய சட்டத்தரணி சொல்லியிருந்தா. “நீங்கள் மாட்டன் எண்டாலும் நான் ஒண்டும் நினைக்கமாட்டன் ஐயா. போயிட்டு வாறன்” என்று எழும்பினார். எழுதித் தருகிறேன் என்றேன். சொல்லிவிட்டு ஒன்பது நாள் எழுதவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எனக்கெதிராக ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. நன்றிக் கடதாசிகள் அறுபத்தொன்று, ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அந்தப் பெயர் போய்விடுமே என்று இருந்தது. உண்மையைச் சொல்வதானால், பெயரைவிட என் தம்பியைப் பற்றி எழுதவேண்டுமே என்பதுதான் பெரிதாக இருந்தது.

பத்தாம் நாள் எழுதினேன், ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். “உரைபெயர்ப்பாளர் அன்றைய தினம் பதினொரு வசனங்களில் விதியிலிருந்து விலகினார். அதற்கு அவருடைய தனிப்பட்ட காரணம் ஒன்று இருந்ததாகத் தெரிகிறது.” சட்டத்தரணி அதைத் திருப்பி அனுப்பினா, தயவுசெய்து ‘நான்’ என்று எழுதவும் என்று ஒரு வரியோடு. திருத்தினேன், ‘நான்’ என்பதை முதல் வரியில் மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தில் பழையபடி உரைபெயர்ப்பாளரே நின்றார். மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா.

“ஆர் இந்த உரைபெயர்ப்பாளர்? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?”

“பகிடி விடாதையும்.”

“பகிடி இல்லை. இந்த ஆளுக்குத் தம்பி இருந்தவனோ இல்லையோ எண்டே விளங்கேல்லை. உங்கட தம்பியை எனக்குத் தெரியும். எங்கட கலியாணத்துக்குப் பந்தல் கட்டினவன்.”

அன்று பின்னேரம் மூன்றாவது தடவையாக எழுதினேன். நான் அந்தப் பதினொரு வசனங்களை மாற்றிச் சொன்னேன். நான் திருத்தம் செய்யவில்லை. நான் என் தம்பியை விட்டுவிட்டு வந்தவன். இரண்டு பக்கம் வந்தது. எண்ணிப் பார்த்தேன், ‘நான்’ முப்பத்தெட்டு இடத்தில் இருந்தது. அத்தனையும் எனக்கே சொந்தமான ‘நான்’. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பக்கம் அதுவரை நான் எழுதியதில்லை.

மன்னார்க்காரர் தன் காரில் என்னைக் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனார். மருந்துக்கடைக்காரர் முன்னால் கையெழுத்து வைத்தேன்; சத்தியக் கூற்றுக்குச் சாட்சிக் கையெழுத்திட இங்கே அவர்களுக்கு அதிகாரம் உண்டு. காருக்குத் திரும்பியதும், “தமிழிலை ஒருக்கா வாசியுங்கோ ஐயா” என்றார். வாசித்தேன். என் சொந்த எழுத்தை நானே உரைபெயர்த்தது அதுதான் முதல்தடவை. தம்பி வந்த இடத்தில் அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார், “அவருக்கு எத்தினை வயசு?” இருபத்திமூன்று என்றேன். “என்ர தம்பிக்குப் பத்தொன்பது,” என்றார்.

பிறகு காரை இயக்காமல் இருந்து, “நீங்கள் என்ர கதையை எழுதுறியள் எண்டு கடையிலை கதைச்சவை” என்றார்.

மன்னாரை மாற்றிவிட்டேன், தம்பியைத் தங்கையாக்கிவிட்டேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஊரை மாத்தினா எங்கட சனத்துக்குத் தெரியாதோ? கடைக்காரனுக்கே தெரியுது.” பிறகு சொன்னார்: “எழுதுங்கோ ஐயா. ஆனா என்னை ‘நான்’ எண்டு எழுதவேண்டாம். அதை நான் இன்னும் ஒருதரம் அந்த அறையிலை சொல்லவேண்டிக் கிடக்கு. உங்கட பேப்பரிலை ஒரு மாதிரியும் அங்கை ஒரு மாதிரியும் இருந்தா என்னைத்தான் பொய்யன் எண்டுவினம்.”

“அப்ப ஆர் சொல்லுறது கதையை?”

“நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள். பக்கத்திலை இருந்தவன் சொல்லட்டும். அவனுக்குத் தெரிஞ்சது மட்டும் சொல்லட்டும்.”

நான்கு வருடம், மூன்று தொடக்கம், நாற்பத்தைந்து பக்கம். நில அளவையாளரும் நானும் ஞாயிறு ஞாயிறாக வாதாடியதைச் சந்தைக் கடையில் மீனுக்கு விலை சொல்வதுபோல அவர் சொல்லி முடித்துவிட்டுக் காரை எடுத்தார். அந்த வாரமே புதிதாகத் தொடங்கினேன். சொல்பவன் உரைபெயர்ப்பாளன். மீனவர் நினைத்தது அவனுக்குத் தெரியாது. சொன்னது மட்டும் தெரியும், சொன்னதைத் தான் என்ன செய்தான் என்பதும் தெரியும். கஷ்டமான வேலைதான். பொய் சொல்ல இடம் மிகக் குறைவு.

நீதிமன்றம் வழக்கைப் புது விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. நான் உள்ளே போகமுடியாது. எதிரே உள்ள கோப்பிக்கடையில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். இரண்டு கோப்பி குடித்தேன், பத்தொன்பது டிராம் போனது. முடிவு எழுத்தில் வரும், மாதங்கள் ஆகலாம். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அன்று அவர் தெருவைக் கடந்து வந்து என் எதிரே இருந்தார். களைத்திருந்தார், கண் சிவந்திருந்தது.

“இந்தமுறை ஒரு சின்னப் பிள்ளை, உரைபெயர்ப்பாளர். தம்பியின்ர இடம் வரேக்கை அவவின்ர குரல் நடுங்கினது ஐயா. ஆனா மாத்தேல்லை.”

“எத்தினை வசனம் வந்தது?” என்று கேட்டேன். அது முழுதும் சரியாகப் போனதா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

“அதை நான் எண்ணேல்லை,” என்றார். “நான் சொல்லிக்கொண்டிருந்தனான்.”